கதை படித்தலும் கலந்து பேசுதலும்



நாவலையும் சிறுகதையையும் எவ்வாறு படிப்பது, படித்தவற்றைப் பற்றி வெவ்வேறு வயதினர் கூடி எவ்வாறு பேசுவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். 'கதை படிப்பதற்கும் ஒரு முறை வேண்டுமா? எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் யாரும் படித்துவிட்டுப் போகிறார்' என்று உங்களுள் சிலர் எண்ணலாம். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். கதையைப் படிக்கத் தெரியாமல் படிப்பதால் வரும் இழப்புச் சிறிது. கதையைக் கற்பிக்கத் தெரியாமல் கற்பிப்பதால் வரும் இழப்புப் பெரிது. அந்தப் பெரிய இழப்புக்கு நானும் ஒருகால் காரணமாக இருந்தேன். அதனை இடையே சொல்வேன்.

முதலில் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து தொடங்குகிறேன். 1968-ஆம் ஆண்டில் எனக்கு வயது பத்து. அம்பத்தூர் அப்போது பாதி ஊர், பாதி நகரம். ஒரு பக்கம் ஏரியும் வயலும். மறுபக்கம் புதிதாக எழுந்துகொண்டிருந்த தொழிற்பேட்டை. எங்கள் அத்தை கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தபோது, வாரந்தோறும் அதன் தாள்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, கோணூசியால் தைத்து வைத்திருந்தார். இரவு உணவுக்குப் பின் அவர் அதனை உரக்கப் படிப்பார். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. தாத்தா கேளாதவர் போல் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்.

படித்து முடித்ததும் பேச்சுத் தொடங்கும். எனக்கு வந்தியத்தேவனின் குதிரை எப்போது ஓடும் என்பதே கவலை. தாத்தாவோ, 'இது நடந்ததா, கட்டியதா?' என்று கேட்பார். பாட்டி ஓடம் ஓட்டும் பூங்குழலியைப் பற்றி, 'இந்தப் பெண் இராவெல்லாம் கடலிலே கிடக்கிறாளே, சாப்பிட்டாளா?' என்பார். அத்தை மட்டும் நந்தினி வரும் பகுதியைப் படித்து முடித்த பின் சிறிது நேரம் ஒன்றும் பேசமாட்டார். கதை ஒன்று; கேட்டவர் நால்வர்; நால்வரும் கேட்ட கதைகள் நான்கு. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் முறைகளைப் பற்றிப் பல நூல்களைப் படித்தேன். எனினும், அந்தத் திண்ணையில் கற்றதை விடச் சிறந்த பாடம் ஒன்றை அவற்றுள் நான் கண்டதில்லை.

கூடிக் கதை கேட்பது நமக்குப் புதியதன்று. தொண்டை நாட்டில் திரௌபதி அம்மன் விழா நடக்கும் ஊர்களில், பகலில் பாரதம் படித்துப் பொருள் சொல்வதும், இரவில் அதனையே கூத்தாக ஆடுவதும் நெடுநாள் வழக்கம். கேட்பவருள் குழந்தையும் உண்டு, கிழவரும் உண்டு. மௌனமாகத் தனியே அமர்ந்து படிக்கும் பழக்கமே பிற்பட்டது. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் அச்சேறியது. அதனையே தமிழின் முதல் நாவல் என்பர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வெளிவந்தது. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' 1898-இல் வந்தது. நாவல் தனியே படிப்பதற்குரிய வடிவந்தான். ஆயினும், தொடர்கதை அதனை மீண்டும் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து வைத்தது. அடுத்த இதழ் வரும் வரையில் படித்தவர் வாய் மூடி இருக்க முடியாதல்லவா? தெருவெல்லாம் அதே பேச்சாக இருக்கும்.

இனி, கதைகளின் வகைகளுக்கு வருவோம். எல்லாக் கதைகளையும் ஒரே தராசில் நிறுப்பது நம்மிடம் உள்ள ஒரு குறை. அரிசியை அளக்கும் படியால் துணியை அளக்க இயலுமா? ஒவ்வொரு வகைக்கும் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு.

வரலாற்று நாவலைப் படிக்கும்போது என் தாத்தாவின் கேள்வியே ஏற்றது. எது சான்று, எது கற்பனை? 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலன் கொல்லப்படுகிறான். அக்கொலை உண்மையில் நிகழ்ந்தது. உடையார்குடிக் கல்வெட்டு ஒன்று, அக்கொலையில் தொடர்புடையோரின் உடைமைகள் பற்றிய அரசாணையைக் கூறுகிறது. இரவிதாசன் என்ற பெயரும் அதில் உள்ளது. நந்தினியோ கல்கி படைத்த பாத்திரம். இந்த இரண்டையும் பிரித்தறிந்த பின், 'வரலாறு விட்டுச்சென்ற இடைவெளியை ஆசிரியர் எதனைக் கொண்டு நிரப்பினார்?' என்று கேட்டுப் பாருங்கள். வரலாறும் விளங்கும், கலையும் விளங்கும்.

துப்பறியும் கதைக்குரிய கேள்வி நேர்மை பற்றியது. குற்றவாளியைக் கண்டுபிடிப்பதற்கு வேண்டிய தடயங்களை ஆசிரியர் நம் கண் முன்னே வைத்தாரா, மறைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஏமாற்றினாரா? ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவ்வகையில் ஏராளமாக எழுதினர். அவர்களால் பல்லாயிரவர் படிக்கும் பழக்கம் பெற்றனர்.

அறிவியல் புனைகதைக்கு, 'உலகத்தில் எந்த ஒன்றை மட்டும் ஆசிரியர் மாற்றியிருக்கிறார்? அதனால் வேறு எவையெல்லாம் மாறுகின்றன?' என்று கேட்கவேண்டும். சுஜாதா எண்பதுகளில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவு தேவைப்படுகிறது. ஜீனோ என்னும் இயந்திர நாய் மனிதரைவிட நன்றாகச் சிந்திக்கிறது. இயந்திரத்தைப் பற்றிய கதை போலத் தோன்றினும், அது ஆட்சியைப் பற்றிய கதை.

சமூகக் கதைக்குரிய கேள்வி, 'இதுவரை பேசாதிருந்தவர் யார் இங்கே பேசுகிறார்?' என்பது. 1994-இல் வெளிவந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்னும் பெண்ணின் வாழ்வைச் சொல்கிறது. அவள் போன்ற ஒருத்தி அதற்கு முன்னும் நம் தெருவில் நடந்துகொண்டுதான் இருந்தாள்; நம் நாவல்களில் அவளுக்கு இடம் இல்லை. குழந்தைக் கதைக்குரிய கேள்வியோ எளிது: 'இதைப் பெரியவர் ஒருவரும் விரும்பிப் படிப்பாரா?' நல்ல குழந்தைக் கதை அந்தத் தேர்வில் தோற்பதில்லை.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன்.

1986-ஆம் ஆண்டு. நான் தமிழாசிரியனாகச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்தாம் வகுப்பில் பின்வரிசை மாணவன் ஒருவன், புவியியல் நூலுக்குள் வைத்து ஒரு துப்பறியும் மாத நாவலைப் படித்துக்கொண்டிருந்தான். நான் அதைப் பிடுங்கினேன். 'குப்பை' என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னேன். அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அது வாடகை நூல்நிலையத்திலிருந்து எடுத்த நூல் என்று அவன் சொன்னான். நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாடகை ஏறும் என்றான். நான் செவிசாய்க்கவில்லை. அதன் பின் அவன் கேட்கவும் இல்லை. ஆண்டு முடிந்தது. அவன் மேலே படிக்காமல் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வியுற்றேன்.

கோடை விடுமுறைக்கு முன் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்த நாவல் கைக்கு வந்தது. உள்ளே குறிப்பேட்டிலிருந்து கிழித்த அரைத் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. விரித்தேன். கதையில் வரும் ஏழு பேரின் பெயர்கள். கொலை நடந்த இரவில் ஒவ்வொருவரும் எங்கே இருந்ததாகச் சொல்கின்றனர். அது எந்தப் பக்கத்தில் வருகிறது. யார் சொல்வதற்கும் யார் சொல்வதற்கும் முரண் இருக்கிறது. எல்லாம் பென்சிலில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. கீழே ஒரு பெயரைச் சுற்றி வட்டமிட்டிருந்தான். அன்றிரவே அந்த நாவலை நான் படித்தேன். அவன் வட்டமிட்ட பெயர் சரி. நான் பிடுங்கியபோது அவன் நூலில் பாதியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

எந்தப் பழக்கத்தை என் மாணவருக்குக் கற்பிக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்தேனோ, அதனை அவன் தானே கற்றிருந்தான். சொற்களை ஊன்றிப் பார்த்தல், ஒன்றோடொன்று ஒப்பிடுதல், சான்று காட்டி முடிவு சொல்லுதல் ஆகிய மூன்றும் அந்த அரைத் தாளில் இருந்தன. நானோ அந்நாளில் எந்தக் கதையைக் கற்பித்தாலும், 'இக்கதையால் நாம் அறியும் நீதி யாது?' என்று ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். விடையையும் நானே கரும்பலகையில் எழுதிப்போட்டேன். மாணவர் அதை எழுதி மதிப்பெண் பெற்றனர். அத்துடன் அக்கதையை மறந்தனர். அந்த நூலும் தாளும் இன்றும் என்னிடமே உள்ளன. அவற்றை உரியவனிடம் சேர்க்க எனக்கு வாய்ப்புக் கிட்டவில்லை.

அந்தக் கடனைத் தீர்க்கும் வழியாகவே, ஓய்வு பெற்ற பின் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன். நம் மாநிலத்தின் கிளை நூலகங்கள் பலவற்றில் இத்தகைய வட்டங்கள் உள்ளன. 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டமே இந்த நூலகங்களுக்கு அடித்தளம். விடுதலைக்குப் பின் இந்தியாவில் தோன்றிய முதல் பொது நூலகச் சட்டம் அது. சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியால் அவை நடைபெறுகின்றன. ஆகவே அவை நம்முடையவை. அச்சட்டத்துக்காக உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூலும், நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரும் கிடைக்கவேண்டும் என்று அவர் 1931-லேயே வகுத்துச் சொன்னார். நான் பூட்டி வைத்த நாவலை நினைக்கும்போதெல்லாம் அவர் கருத்தும் உடன் நினைவுக்கு வரும்.

'வாசகர் வட்டம்' என்ற பெயருக்கும் ஒரு சிறப்பு உண்டு. அறுபதுகளில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி அம்மையார் அப்பெயரில் ஒரு பதிப்பகம் தொடங்கி, தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' போன்ற நாவல்களை வெளியிட்டார். அவர் தலைவர் சத்தியமூர்த்தியின் மகளார். 1955-இல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிய இடத்துக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டிருந்தனர். எனவே எங்கள் பகுதியார் அந்த அம்மையாரை அயலாராக நினைப்பதில்லை. 1970-இல் சென்னையில் தோன்றிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பும் இங்கு நினைக்கத்தக்கது. ஒவ்வொரு மாதமும் இதழ்களில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்துவந்து, சிறந்தது எது என்று காரணத்தோடு கூட்டத்தில் எடுத்துரைப்பார். இவ்வாறு பல ஆண்டுகள் இடையறாது நடத்தினர். 'எனக்குப் பிடித்தது' என்று சொன்னால் போதாது, 'ஏன்' என்றும் சொல்லவேண்டும் என்ற ஒழுங்கு அதனால் வளர்ந்தது.

எங்கள் வட்டத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளுக்குத் தொழிற்சாலை வேலையை நாடித் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். ஆதலின் எங்கள் கூட்டத்தில் தஞ்சைப் பேச்சும் கேட்கும், கோவில்பட்டிப் பேச்சும் கேட்கும். ஒருமுறை கி. ராஜநாராயணனின் 'கதவு' என்னும் சிறுகதையை எடுத்துக்கொண்டோம். ஏழை வீட்டுக் குழந்தைகள் கதவைப் பிடித்துத் தொங்கி, வண்டியில் பயணம் போவதாக விளையாடுகின்றனர். தீர்வை கட்டவில்லை என்பதற்காக அந்தக் கதவு பெயர்த்து எடுத்துச் செல்லப்படுகிறது. ஆறாம் வகுப்புச் சிறுவன், 'வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள்' என்றான். கல்லூரி மாணவர் ஒருவர், அது வரி வசூலின் கொடுமை என்றார். கரிசல் நாட்டிலிருந்து வந்து இங்கே கடைசல் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நெடுநேரம் கழித்து, 'கதவு இல்லாத வீட்டிலே இராத்திரி பிள்ளைகளுக்கு எப்படிக் குளிரும் தெரியுமா?' என்று மட்டும் கேட்டார். மூவர் சொன்னதும் கதையில் இருந்தது. ஒருவர் சொல்லாதிருந்தால் மற்ற இருவருக்கும் அது தெரிந்திராது.

மற்றொரு மாதம் கல்லூரி மாணவரும் பெரியவரும் மட்டும் கூடி, ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' பற்றிப் பேசினோம். 1966-இல் 'ஆனந்த விகட'னில் வந்த கதை அது. மழை நாளில் முன்பின் அறியாதவன் ஒருவனின் காரில் ஏறிய மாணவி கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். முதலில் அவளை அடித்த தாய், பின் அவள் தலையில் நீரூற்றி, நீ தூயவள் என்று தேற்றுகிறாள். நாடெங்கும் அக்கதையைப் பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்ற கேள்வியை ஜெயகாந்தனே எடுத்துக்கொண்டு, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலை எழுதினார். அதற்கு 1972-இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. வாசகர் விவாதத்திலிருந்து ஒரு பெரிய நாவல் பிறந்த வரலாறு இது.

எங்கள் கூட்டத்தில் நான் அந்தத் தாயைப் புகழ்ந்து, 'மகளை மன்னித்த பெருந்தகைமை' என்றேன். பூந்தமல்லியிலிருந்து வரும் கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, 'ஐயா, மன்னிப்பதற்கு அவள் செய்த குற்றம் என்ன?' என்று கேட்டாள். அவைக்குள் யாரும் பேசவில்லை. நான் அக்கதையைக் குறைந்தது பத்து முறையாவது படித்திருப்பேன். அந்த ஒரு சொல்லைத் தவறாகப் பயன்படுத்துகிறேன் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பின்னர்க் கதையை மீண்டும் எடுத்து, தாய் உண்மையில் என்ன சொல்கிறாள் என்று வரிவரியாகப் பார்த்தோம். அன்று கூட்டம் முடிய ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று.

இத்தகைய கூட்டங்களிலிருந்து நாங்கள் கற்ற சில முறைகளை உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் பள்ளியிலோ தெருவிலோ நால்வர் சேர்ந்தாலும் இவற்றைக் கைக்கொள்ளலாம். முதலாவது, வயதில் இளையவர் முதலில் பேசவேண்டும். பெரியவர் முதலில் பேசினால் சிறியவர் அதனையே திருப்பிச் சொல்வர். இரண்டாவது, கருத்துச் சொல்பவர் அது கதையின் எந்த இடத்தில் உள்ளது என்று காட்டவேண்டும். காட்டமுடியாத கருத்துப் பெரும்பாலும் நாம் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மூன்றாவது, கதை பிடிக்கவில்லை என்பவரைக் கடிந்துகொள்ளாமல், எந்தப் பக்கத்தில் சலிப்புத் தட்டியது என்று கேட்கவேண்டும். நான்காவது, துப்பறியும் கதையின் முடிவைப் படிக்காதவர் முன் சொல்லலாகாது. ஐந்தாவது, நீதி யாது என்ற கேள்வியைக் கடைசியில் கேட்கலாம், கேளாமலும் விடலாம். ஆறாவது, பேசி முடித்த பின் அக்கதையை ஒருமுறையேனும் மறுபடி படிக்கவேண்டும். பேச்சினால் நமக்குக் கிடைத்தது என்ன என்பது அப்போதுதான் தெரியும்.

எந்த வயதில் எதைப் படிப்பது என்று நீங்கள் கேட்கலாம். வயதுக்கு மீறிய கதை என்று ஒன்று உண்டு. அதனால்தான் 'அக்னிப் பிரவேச'த்தைச் சிறுவரோடு நாங்கள் பேசவில்லை. ஆனால், வயதுக்குத் தாழ்ந்த கதை என்று ஒன்று இல்லை. கல்லூரிக்குப் போய்விட்டோம் என்பதற்காகச் சிறுவர் கதைகளைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

எங்கள் ஆவடிக்கு அருகில் திருநின்றவூர் உள்ளது. அவ்வூர்ப் பூசலார் பொருள் இல்லாமையால் மனத்திலேயே கல் அடுக்கிக் கோயில் கட்டினார் என்று குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பாடினார். கதை படிப்பவர் ஒவ்வொருவரும் அத்தகைய வேலையைத்தான் செய்கிறார். தாளில் இருப்பது எழுத்து மட்டுமே; வீதியையும் வீட்டையும் மனிதரையும் படிப்பவரே உள்ளத்தில் எழுப்பிக்கொள்கிறார். தான் கட்டியதை மற்றவர் கட்டியதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே நாம் கூடிப் பேசுகிறோம்.

எங்கள் வட்டத்தில் துப்பறியும் கதை பேசும் நாளில் அந்தப் பழைய நாவலையும் அரைத் தாளையும் எடுத்துச் செல்வேன். தாளை மாணவர் கைகளில் கொடுத்து, 'இதை எழுதியவர் எப்படிப் படித்திருக்கிறார் பாருங்கள்' என்பேன். போன முறை எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதனை நெடுநேரம் பார்த்துவிட்டு, 'இவர் அப்புறம் என்ன படித்தார், ஐயா?' என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. உங்கள் வகுப்பில் யாரேனும் பாடநூலுக்குள் ஒரு கதையை மறைத்து வைத்துப் படித்தால், பாடவேளை முடிந்ததும் அவரிடம் சென்று, அது என்ன கதை என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்தே தொடங்கட்டும்.